அப்பாவோடு போன போன்: வடகொழும்பில் ஒரு குடும்பம், 2020 நவம்பர்

இந்த ஆய்வில் வரும் குடும்பம் வடகொழும்பில், புளூமெண்டால் பக்கத்துத் தோட்டமொன்றில், அதாவது சிறு வீடுகள் நெருங்கிய குடியிருப்பொன்றில், வாடகைக்கு இருந்தது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அதே மாதங்களில் உளவளத்துணைக்காக என்னிடம் வந்த வேறு குடும்பங்களின் சில விவரங்களும் இதில் கலந்திருக்கின்றன. அதனால் பெயர் எதுவும் இல்லாமல் அப்பா, அம்மா, அம்மாச்சி, மகள், மகன் என்றே எழுதுகிறேன்.

எழுதக் காரணம் ஒன்றுதான். அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரித்த எல்லோரும் முதலில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே கேட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் கடைசியாகத்தான் படிப்பில் கைவைக்க முடிந்தது. எதை முதலில் செய்வது, எதை அதற்கு அப்புறம் செய்வது என்ற வரிசைதான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

அப்போதைய நிலைமை

கொரோனா பரவியதால் 2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. மற்ற மாவட்டங்களில் அது விட்டு விட்டுத் தளர்ந்தபோதும் கொழும்பில் மே கடைசி வரை நீடித்தது. ஏப்ரல், மே மாதங்களுக்கு அரசு 5,000 ரூபா கொடுப்பனவு தந்தது. நாட்கூலிக்காரர்களுக்கு அது கொஞ்ச நாள் பாணுக்கும் பருப்புக்கும் போதுமாக இருந்தது.

ஜூலை, ஓகஸ்ட்டில் பாடசாலைகள் கட்டம் கட்டமாகத் திறந்தன. பிள்ளைகள் மறுபடி சீருடை போட்டுப் பழகும் நேரத்தில், ஒக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி (ஓரிடத்திலிருந்து பலருக்குப் பரவிய தொற்று) தெரியவந்தது. அதே மாதம் பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணியும் வந்தது. முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், புளூமெண்டால் என்று வடகொழும்பு முழுவதும் தனிமைப்படுத்தப்பட்ட பிரதேசமானது. நோயாளியின் வீட்டாரை முகாமுக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே 14 நாள் இருக்கச் சொல்லும் நடைமுறையும் ஒக்டோபர் கடைசியில்தான் பரவலானது.

இந்தப் பகுதிப் பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கும்போது இன்னொன்றையும் விட முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஊரடங்கு, மூடிய பாடசாலை, இராமுழுதும் அம்புலன்ஸ் சத்தம் எல்லாவற்றையும் இவர்கள் ஒன்றரை வருடத்துக்கு முன்பே ஒரு தடவை பார்த்துவிட்டார்கள். கொரோனா அவர்களுக்கு இரண்டாவது அடி.

தகவல் வந்த விதம்

மகன் தரம் 2இல் படித்தான், ஏழு வயது. வகுப்பாசிரியை என்னை அழைத்து, "வாட்ஸ்அப் குறூப்பில் வேலை அனுப்புவதே இல்லை. போன் போனாலும் யாரும் எடுப்பதில்லை. அந்த அம்மாவுக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை போல" என்றார். அவர் நல்ல ஆசிரியை. நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தபடி குரல் பதிவில் பாடம் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த அளவில் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் மூலமாக அம்மாவின் பட்டன் போன் இலக்கம் கிடைத்தது. அழைத்தேன். எடுத்தது மகள். தரம் 8, பதின்மூன்று வயது. முதல் அழைப்பிலேயே விஷயம் முழுவதையும் அவள் ஒழுங்காகச் சொன்னாள். அப்பாவுக்கு பீ.சீ.ஆர். பொசிட்டிவ். மூன்று நாளைக்கு முன் இரவில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். கொழும்புக்கு வெளியே ஒரு சிகிச்சை நிலையத்தில் இருக்கிறார். வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. வீட்டிலிருந்த ஒரே ஸ்மார்ட் போனை அப்பா கையோடு கொண்டுபோய்விட்டார்.

அவ்வளவுதான். பாடசாலை இருந்ததே அந்தப் போனில்தான்.

அந்த அறை

அப்பா புறக்கோட்டைச் சந்தையில் நாட்டாமை, அதாவது சுமை தூக்கும் வேலை செய்தவர். மூட்டை தூக்கினால் அன்றைக்குக் காசு. அம்மா கொழும்பு 7இல் இரண்டு வீடுகளில் சமைத்தவர். மார்ச்சில் "இப்போதைக்கு வர வேண்டாம்" என்று சொன்னவர்கள் அப்புறம் கூப்பிடவே இல்லை. வீடு என்பது ஓர் அறை. அதற்கு மேல் பலகையடித்த ஒரு தட்டு. பிள்ளைகள் மேலே படுப்பார்கள், பெரியவர்கள் கீழே. குழாயும் மலசலகூடமும் வெளியே, ஒழுங்கையின் முடிவில், பல வீடுகளுக்குப் பொது.

கதவுக்கு வெளியே வரக் கூடாது என்று நோட்டீஸ். மலசலகூடமோ கதவுக்கு வெளியே. இதை எப்படிச் சமாளிப்பது என்று அந்த நோட்டீஸில் எதுவும் இல்லை.

அம்மா என்னிடம் முதலில் சொன்ன முறைப்பாடு மகனைப் பற்றியது. "மிஸ், இவன் திரும்ப பாயிலேயே போறான். நாலு வயசுலயே விட்ட பழக்கம். அதட்டினாலும் கேக்கிறானில்ல. எந்நேரமும் அழுகை."

அப்பாவைக் கொண்டுபோன பிறகு ஏழு வயதுப் பிள்ளை படுக்கையை நனைத்தால், பயத்தால் என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது எளிது. நான் கேட்டது, இரவில் அவன் எப்படி வெளியே போகிறான் என்று. போவதே இல்லை என்றார் அம்மா. இருட்டியபின் அவர்கள் கதவைத் திறந்தால் எதிர் வீட்டார் சத்தம் போடுகிறார்கள். அதனால் பிள்ளைகளுக்குப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீர், தேத்தண்ணி எதுவும் கொடுப்பதில்லை. மகனுக்குத் தாகம். பலகைத் தட்டில் ஒளித்து வைத்த போத்தலிலிருந்து குடித்துவிட்டுப் படுக்கிறான். பிறகு கீழே இறங்கவும் பயம், சொல்லவும் பயம்.

முதலில் சாப்பாடும் வாளியும்

உளவியல் முதலுதவி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட களக் கையேடு, பாதுகாப்பையும் உடனடித் தேவைகளையும் கவனிப்பதை முதலில் வைக்கிறது. படிக்கும்போது சாதாரண விஷயமாகத் தெரியும். அம்மாவோடு மகனின் அழுகையைப் பற்றி மூன்று நிமிடம் கதைத்தால், நாலாவது நிமிடத்தில் அரிசி எவ்வளவு மிச்சம் என்ற பேச்சுக்கு அவர் வந்துவிடுவார். அவருடைய மனம் நின்ற இடம் அது. அதைத் தாண்டி வேறு எதையும் கேட்கும் நிலையில் அவர் இல்லை.

தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு அப்போது 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொதி கிடைத்துக்கொண்டிருந்தது. இவர்களுக்கு வரவில்லை. வாடகைக்கு வந்தவர்கள், பதிவு பழைய முகவரியில், இங்குள்ள பட்டியலில் பெயர் இல்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு இளைஞரையும் பங்குத் தந்தையையும் தொடர்புகொண்டேன். நோட்டீஸைப் படம் எடுத்து உரிய உத்தியோகத்தருக்கு அனுப்பி, அந்த இளைஞர் விடாமல் பின்னால் நின்றதால் பொதி வந்தது. அது வரும்வரை பங்குக் கோவிலிலிருந்து அரிசி, பருப்பு, டின் மீன், மா வந்தன. மாலிகாவத்தையில் மே மாதம் தனியார் ஒருவர் காசு கொடுத்த இடத்தில் நெரிசலில் மூன்று பெண்கள் இறந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. எனவே ஒரு வீட்டுக்கு ஒருவராகக் கதவடியில் வைத்துவிட்டுப் போவது என்று அவர்களே முடிவெடுத்தார்கள்.

மலசலகூடத்துக்கு நேரம் பிரித்தார்கள். காலையில் எல்லோருக்கும் கடைசியாக இந்த வீடு, போய் வந்தபின் குளோரின் தூள் கரைத்துக் கழுவுவது. எதிர் வீட்டாரின் சத்தம் இதோடு பாதியாகக் குறைந்தது. அவர்களும் பயந்தவர்கள்தானே, அவர்கள் வீட்டிலும் கைக்குழந்தை இருந்தது. இரவுக்கு மூடியுள்ள ஒரு வாளி, பழைய சேலையால் ஒரு மறைப்பு. மகனுக்கு நேராகச் சொல்லச் சொன்னேன்: தாகம் எடுத்தால் குடிக்கலாம், அவசரம் என்றால் எழுப்பலாம், யாரும் ஏச மாட்டார்கள். ஒரு வாரத்துக்குள் பாய் பெரும்பாலான இரவுகளில் காய்ந்தே இருந்தது.

"அது அப்பா இல்ல"

அழுகை மட்டும் நிற்கவில்லை. அப்பாவின் போனில் சார்ஜ் இருந்த நேரங்களில் அவர் பட்டன் போனுக்கு எடுத்தார். மகன் போனைக் காதில் வைக்க மறுத்தான். ஏன் என்று மகளிடம் கேட்டபோது, "அது அப்பா இல்ல, ரெக்கோர்டிங் என்கிறான்" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் அவன் கணக்கு சரியானது. நடுவில் பாடசாலை திறந்திருந்த சில வாரங்கள் தவிர, எட்டு மாதமாக அவனுடைய டீச்சர் போனுக்குள் குரலாக மட்டும் இருக்கிறார். குரல் வருகிறது, பாடம் சொல்கிறது, இவன் ஏதாவது கேட்டால் பதில் வராது. போனில் வரும் குரலுக்குப் பின்னால் ஆள் இருக்க வேண்டியதில்லை என்று அவன் அப்படித்தான் கற்றுக்கொண்டான்.

இதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. கோவிட்டில் இறந்தவர்களின் உடல்களை எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்திருந்தது. முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த அந்தத் தோட்டத்தில் பெரியவர்கள் இரவும் பகலும் கதைத்தது அதைப் பற்றித்தான். அம்மாச்சி கத்தோலிக்கர். செவ்வாய் தவறாமல் அந்தோனியாரிடம் போகிறவர். அவரும் "பிரேதத்தக் கூடக் காட்ட மாட்டாங்களாம்" என்று சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். மகனுக்கு அடுத்த வீட்டுக் கூட்டாளி சொன்னது இன்னும் சுருக்கம்: வெள்ளை உடுப்புக்காரர்கள் கொண்டுபோனால் எரித்துவிடுவார்கள். அவன் அப்பாவை ஏற்றியதும் வெள்ளை உடுப்புக்காரர்கள். அதற்கு மேல் யாரும் அவனுக்கு எதுவும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன்: நடந்ததை அவனுக்கு விளங்கும் வார்த்தையில் சொல்லுங்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் வருத்தம். மற்றவர்களுக்குத் தொற்றாமல் இருக்க ஓரிடத்தில் வைத்து மருந்து கொடுக்கிறார்கள். அந்த உடுப்பு வருத்தம் ஒட்டாமல் இருக்கப் போடுவது. கொண்டுபோனவர்களில் மிகப் பெரும்பாலானோர் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். "கட்டாயம் வருவார்" என்று சத்தியம் செய்ய வேண்டாம், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அப்பாவிடம் தனியாகக் கதைத்து, நலமா, படிக்கிறாயா என்று கேட்பதை விட்டு, அன்று என்ன சாப்பிட்டார், பக்கத்துக் கட்டிலில் யார், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று சொல்லச் சொன்னேன்.

அன்று பின்னேரம் மகன் போனை வாங்கினான். எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி: "நான் இப்ப என்ன கலர் டீசேர்ட் போட்டிருக்கேன்?"

"தெரியாதேடா. இங்கயிருந்து எனக்கு எப்படித் தெரியும்? நீயே சொல்லு."

பதிவு செய்த குரல் தெரியாது என்று சொல்லாது. மகன் சிரித்ததாகவும், பிறகு போனைத் தர மறுத்ததாகவும் அம்மா சொன்னார். அன்றிலிருந்து தினமும் பின்னேரம் ஐந்து மணி அப்பாவின் நேரம். சோற்றுக்கு என்ன கறி என்பதுதான் முக்கியச் செய்தி.

மாலை ஆறு மணி

அம்மா மகனுக்கு அடிப்பதை அவராகவே சொன்னார். வெட்கப்பட்டுச் சொன்னார். அகப்பைக் காம்பால், காலில். அடி தொடர்ந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிப்பேன் என்பதை நான் அவரிடம் மறைக்கவில்லை. அதோடு, எந்த நேரத்தில் கை ஓங்குகிறது என்று கவனித்துச் சொல்லும்படி கேட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே கண்டுபிடித்துச் சொன்னார்: ஆறு மணிக்குப் பிறகுதான். ஆறு மணிக்கு வட்டிக்குக் கொடுத்தவர் எடுப்பார். வங்கிக் கடன்களுக்கு அப்போது சலுகைக் காலம் அறிவித்திருந்தார்கள். தோட்டத்து வட்டிக்காசுக்கு அதெல்லாம் கிடையாது.

பங்குத் தந்தை அந்த ஆளோடு கதைத்து, அப்பா திரும்பி ஒரு மாதம் வரை பொறுக்கச் சம்மதிக்க வைத்தார். இலகுவாக நடக்கவில்லை, வட்டியும் நிற்கவில்லை. ஆனால் மாலை அழைப்பு நின்றது. ஆறு மணிக்கு அம்மாவும் அம்மாச்சியும் கதவுக்கு உள்ளே நின்று செபமாலை சொல்லத் தொடங்கினார்கள், அடுத்தடுத்த வீடுகளிலிருந்தும் குரல் சேர்ந்தது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களுடைய வழக்கம்தான், பயத்தில் விட்டிருந்தார்கள். அடி நின்றுவிட்டது என்று எழுத மாட்டேன், அரிதானது.

தொந்தரவு தராத பிள்ளை

நான் இந்த ஆய்வை எழுதுவதே மகளுக்காக என்றும் சொல்லலாம்.

நோட்டீஸ் சிங்களத்தில். பொதுச் சுகாதார பரிசோதகர் கதைப்பது சிங்களத்தில். அம்மாவுக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. மகள் பாடசாலையில் படித்த சிங்களத்தை வைத்துக்கொண்டு நோட்டீஸ் வாசித்தாள், பரிசோதகருக்குப் பதில் சொன்னாள், அம்மாச்சியின் பிரஷர் மருந்து முடிகிற நாளைக் கணக்கு வைத்தாள், தம்பியைச் சமாளித்தாள். எல்லா அழைப்பையும் அவள்தான் எடுத்தாள். அம்மா பெருமையாகச் சொன்னார்: "அவளால எனக்கு ஒரு கரைச்சலும் இல்ல மிஸ்."

கரைச்சல் இல்லாத பிள்ளையைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. நான் கேட்டபோது "நான் ஓகே மிஸ்" என்றாள். அறையில் நாலு பேர். அந்தப் போனில் கதைப்பது எல்லோருக்கும் கேட்கும். அங்கே வேறு பதில் வராது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் கேட்பேன், அவள் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் மட்டும் சொல்வாள். தூக்கம் எவ்வளவு மோசம்? எட்டு. நெஞ்சு படபடப்பு? ஏழு. அம்மாவைப் பற்றிய பயம்? ஐந்து. அம்மாச்சியைப் பற்றி? பத்து.

அந்தப் பத்துக்கான காரணத்தை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். தட்டில் படுக்காமல் கீழே வந்து, அம்மாச்சியின் நெஞ்சில் கை வைத்தபடி படுக்கிறாளாம். மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க. 2019இல் குண்டு வெடித்த நேரம் அவள் வீட்டில் இரண்டாம் பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்தாள். அம்மாச்சி முதல் பூசைக்குப் போயிருந்தார். அவர் நடந்து வீடு வந்துசேரும்வரை அம்புலன்ஸ் சத்தத்தை எண்ணிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறாள்.

இதைத் தெரிந்தபின்னும் 2019ஐப் பற்றிப் போனில் நான் கேட்கவில்லை. ஒரு பழைய காயத்தைத் திறந்தால் மூடவும் முடிய வேண்டும். அம்மாவும் தம்பியும் கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் அறையில், எப்போது சார்ஜ் தீருமோ தெரியாத போனில், அது முடியாது. செய்ய முடிந்தது அவள் தோளிலிருந்ததை இறக்குவது. சிங்கள வேலையைத் தோட்டத்து இளைஞர் எடுத்துக்கொண்டார். நோட்டீஸ், பரிசோதகரின் அழைப்பு எல்லாம் இனி அவருக்கு. மருந்துக் கணக்கை அம்மாச்சியே சுவரில் கரியால் கோடு போட்டு வைத்தார். நான் அம்மாவோடு கதைக்க வேண்டுமென்றால் அம்மாவே போனை எடுப்பது என்று முடிவானது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மற்ற அமைப்புகளும் 2020இல் பெற்றோருக்காக வெளியிட்ட குறிப்புகளில், ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக நேரம் ஒதுக்குங்கள், 20 நிமிடமாவது போதும் என்று இருக்கிறது. ஓர் அறை வீட்டில் தனியாக என்றால் எங்கே? தலைவாரும் நேரம் என்று முடிவு செய்தோம். காலையில் மகன் எழும்பும் முன் அம்மா மகளுக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட வேண்டும், அந்த நேரம் வீட்டு வேலை எதையும் அவளிடம் சொல்லக் கூடாது. பதின்மூன்று வயதில் அவள் தானே பின்னிக்கொள்ளப் பழகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் நாள் அழுதாள் என்றார் அம்மா. ஏன் அழுகிறாய் என்று கேட்காமல் பின்னிக்கொண்டிருந்தாராம். அது அவருக்குத் தானாகத் தெரிந்தது.

தூக்கம் எட்டிலிருந்து ஐந்துக்கு வந்தது. சாக வேண்டும் போன்ற பேச்சோ, சாப்பிட மறுப்பதோ வந்திருந்தால் காத்திருக்காமல் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கம் வழியாகவோ லேடி ரிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனை வழியாகவோ அனுப்பியிருப்பேன். அந்த அளவுக்குப் போகவில்லை. 2021 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகள் திறந்தபின் நேரில் பார்த்தேன். அப்போதுதான் 2019ஐப் பற்றிக் கதைத்தோம், பல வாரங்கள், அவள் தெரிந்தெடுத்த வேகத்தில். அதை இங்கே எழுதப் போவதில்லை.

அப்பா வந்தபின்

அப்பா நல்லபடியாகத் திரும்பினார். மகன் முதல் நாள் கிட்டப் போகவில்லை, இரண்டாம் நாள் முதுகில் ஏறிவிட்டான். கஷ்டம் அப்பாவுக்குத்தான். மூட்டை தூக்கினால் மூச்சு வாங்கியது. புறக்கோட்டையும் ஒழுங்காகத் திறந்திருக்கவில்லை. "கொரோனாக்காரர்" என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். ஆண்கள் உளவளத்துணைக்கு வருவது குறைவு, அவரும் வரவில்லை. தோட்டத்து இளைஞரோடு நிவாரணப் பொதி பிரிக்கும் வேலையில் சேர்த்துவிட்டோம். மற்ற வீடுகளுக்குக் கதவடியில் பொதி வைக்கப் போனவரை ஒதுக்குவது யாருக்கும் இலகுவாக இருக்கவில்லை.

டிசம்பரில், பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் எரிக்கப்பட்டதும் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அந்த வாரம் மகனின் பயம் மறுபடி வந்தது. இந்தத் தடவை அவனாகவே அப்பாவிடம் கேட்டான். அப்பா உள்ளதைச் சொன்னார், அது பிழையென்று தான் நினைப்பதையும் சொன்னார். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அந்த விதி மாறியது.

படிப்பு

வகுப்பாசிரியைக்கு நிலைமை விளங்கியதும் அவரே வழி கண்டார். வாரம் ஒருமுறை பயிற்சித் தாள்களைப் பாடசாலைக் காவலாளியிடம் வைத்தார், தோட்டத்து இளைஞர் எடுத்துவந்து நாலைந்து வீடுகளுக்குக் கொடுத்தார். மகள் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மகனால் முடியவில்லை. தரம் 2இன் முதல் தவணைகூட முழுதாக இல்லை. தரம் 3இல், 2021 ஏப்ரல் கடைசியில், மறுபடி மூடினார்கள். ஜூலை 12 முதல் ஆசிரியர்களின் சம்பளப் போராட்டத்தில் இணையவழி வகுப்புகளும் நின்றன. அவர்களின் கோரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன், ஆனால் இவனைப் போன்ற பிள்ளைக்கு மிச்சமிருந்த நூலும் அறுந்தது. ஆரம்பப் பிரிவு முழுமையாகத் திறந்தது 2021 ஒக்டோபர் 25இல்.

2022இல் அவன் தரம் 4க்கு வந்தபோது உயிர்மெய் எழுத்துகளில் கொம்பு வந்தால் நிற்பான், கூட்டி வாசிக்க வராது. பயமும் அழுகையும் சரியானதால் கேஸை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் கேட்டார்கள். நான் மூடவில்லை. வாசிக்க வராத பிள்ளை வகுப்பில் தினமும் வெட்கப்படுகிறான், அதுவும் உளநலம்தான். புதிய வகுப்பாசிரியை தரம் 2 வாசிப்புப் புத்தகத்தை உறை போட்டு, மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் அவனுக்குக் கொடுக்கச் சம்மதித்தார். பின்னேரங்களில் அக்கா வாசிக்க வைத்தாள். அவளுக்கு அது சுமையாகாமல் இருக்க வாரத்தில் மூன்று நாள்தான் என்று அம்மா வரம்பு போட்டார்.

அதே வருடம் ஜூனில் எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. அறிவிப்பு வந்த அன்றே அம்மா பாடசாலைக்கு நடந்துபோய், டேட்டாவுக்குக் காசில்லை என்று நேராகச் சொல்லி, இரண்டு வாரத்துக்கான பயிற்சித் தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குத் தகவல் சொன்னது அதற்கு அடுத்த நாள்தான்.